தீம் பார்க்குக்கு நல்ல கேமராவைக் கொண்டு போவோருக்கு

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் சேலத்துக் குடும்பங்களில் இரண்டு பெயர்கள்தாம் மாறி மாறி அடிபடும். ஒன்று, தண்ணீர் விளையாட்டுகள் உள்ள ஏதாவது ஒரு தீம் பார்க்; மற்றொன்று ஏற்காடு. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்து, பகலைப் பூங்காவிலும் இரவை மலையிலுமாகக் கழிப்பவர்களும் உண்டு. வீட்டில் நல்ல கேமரா வைத்திருப்பவருக்கு அப்போது எழும் கேள்வி, அதை எடுத்துப் போவதா, பீரோவிலேயே விட்டுவிட்டுக் கைபேசியோடு கிளம்புவதா என்பதுதான். எடுத்துப் போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் கேமரா கையில் இருந்து படம் எடுக்கும் நேரத்தை விட, அது சும்மா இருக்கும் நேரத்துக்கே முன்கூட்டித் திட்டமிட வேண்டும். நான் பார்த்த வரையில் கண்ணில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கெட்டுப்போன கேமரா மிகக் குறைவு. பெஞ்சில் வைத்தபோது, அடுத்தவர் கைக்கு மாறியபோது, காரில் காத்திருந்தபோது, லாக்கரில் பூட்டிக் கிடந்தபோது கெட்டவைதாம் அதிகம்.

இதை நான் செலவு செய்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில், அலைக்குளத்தில் இறங்கும் அவசரத்தில், “மச்சான், இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று மனைவியின் அண்ணனிடம் கேமராப் பையைக் கொடுத்துவிட்டுப் போனேன். அவர் பொறுப்பானவர், இரண்டு மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பையைத் தமக்குப் பக்கத்திலேயே, சிமென்ட் பெஞ்சின் மீது வைத்திருந்தார். ஈர உடையோடு வந்து உட்கார்ந்து எழுந்தவர்களால் அந்தப் பெஞ்சின் பள்ளமான பகுதியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பையின் அடியில் இருந்த பஞ்சு, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அந்தத் தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டது. மேல் அறையில் இருந்த கேமரா தப்பியது. அடித்தட்டில் படுத்திருந்த இரண்டாவது லென்ஸின் பின்மூடிக்குள் நீர் துளித்துளியாகக் கோத்திருந்தது. ஒரு வாரத்தில் அதன் ஆட்டோஃபோகஸ் நின்றுபோயிற்று. பழுது பார்க்கக் கேட்ட தொகை ஏறத்தாழப் புது லென்ஸின் விலையில் பாதி. மேலிருந்து தெறிக்கும் தண்ணீருக்கு நாம் எல்லோரும் பயப்படுகிறோம். கீழிருந்து ஏறும் தண்ணீரை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

எதை எடுத்துப் போவது

முதலில் எடையைப் பற்றி. கேனான் ஆர்6 மார்க் 2 போன்ற ஒரு முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் கொண்ட) கேமரா, பேட்டரியும் கார்டும் சேர்த்து 670 கிராம்; அதோடு பொருத்தும் 24-105 எஃப்4 எல் லென்ஸ் 700 கிராம். இரண்டும் சேர்ந்தால் 1 கிலோ 370 கிராம். அதே நிறுவனத்தின் பழைய 1500டி, அதனோடு வரும் 18-55 லென்ஸையும் சேர்த்து 675 கிராம்தான். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, சித்திரை வெயிலில், ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது நன்றாகத் தெரியும். எடை தாங்க முடியாமல் போகும்போதுதான் நாம் கேமராவைக் கண்ட இடத்தில் வைக்கிறோம், கண்டவர் கையில் கொடுக்கிறோம். ஆகவே ஒரு கேமரா, ஒரு லென்ஸ் என்று உறுதியாக முடிவு செய்துகொள்ளுங்கள். 18-135 அல்லது 24-105 போன்ற, அகலக் காட்சிக்கும் தொலைவுக்கும் சேர்த்துப் பயன்படும் ஜூம் லென்ஸ் ஒன்று போதும். பூங்காவில் லென்ஸ் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம். திறந்த வாய் வழியாகத் தூசியும் நீர்த்திவலையும் உள்ளே போவதற்கு ஒரு நொடி போதும். லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் யு.வி. ஃபில்டர் என்ற கண்ணாடி ஒன்றும், வெயிலுக்கும் இடிபடுவதற்கும் சேர்த்து ஹூடு என்ற முன்வளையம் ஒன்றும் இருக்கட்டும். யு.வி. ஃபில்டர் தேவையா இல்லையா என்று ஆண்டுக்கணக்காக வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். குளோரின் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு வந்து பார்த்தால் அந்த வாதம் முடிந்துவிடும்.

“என்னுடையது வெதர் சீல்டு கேமரா” என்று சொல்லித் தைரியமாகக் குளக்கரையில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கேமராக்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அளவிட்ட தரக்குறியீடு எதுவும் கிடையாது. மூட்டுகளில் ரப்பர் வளையம் இருக்கிறது, தூறலைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். ஐபிஎக்ஸ்7 என்று குறியிட்ட ஒரு பொருள் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் இருந்தாலும் தாங்கும் எனச் சோதித்துச் சொல்லப்பட்டது. அந்தச் சோதனையும் நல்ல தண்ணீரில் நடப்பதே தவிர, குளோரின் கலந்த தண்ணீரில் நடப்பதில்லை. நீர் புகுந்து கெட்டதை வாரண்டியில் ஏற்பதும் அபூர்வம். எனவே அன்றைய பொழுதை இரண்டாகப் பிரித்து, உலர்ந்த பாதிக்கு நல்ல கேமராவையும், நனையும் பாதிக்கு அதற்கென்றே செய்த சிறு கேமராவையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. கோப்ரோ ஹீரோ வகைகள் தனி உறை இல்லாமலேயே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 போன்றவை 15 மீட்டர் வரை. நண்பர்களிடம் ஒரு நாளைக்கு இரவல் கேட்டாலும் தவறில்லை. கழுத்தில் தொங்கவிடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசியைப் போட்டு நீரில் இறங்குவதானால், வீட்டிலேயே உறைக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்துப் பாருங்கள். காகிதம் நனையாமல் இருந்தால் மட்டும் கைபேசியை நம்பி ஒப்படைக்கலாம்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு

கேமராவின் அடியிலோ திரைக்குப் பின்னாலோ உள்ள வரிசை எண்ணையும், லென்ஸில் உள்ள எண்ணையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான். மெமரி கார்டைக் காலி செய்துவிட்டு, முதல் படமாக ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி, அதைப் படம் எடுத்து வையுங்கள். கேமராவைக் கண்டெடுக்கும் நல்லவர் ஒருவர் முதலில் செய்வது, அதில் என்ன படம் இருக்கிறது என்று பார்ப்பதுதான். தொலைபேசி எண்ணை மட்டும் எழுதினால் போதும், வீட்டு முகவரி வேண்டாம். பூங்காவின் அலுவலகத்துக்குப் போன் செய்து, பெரிய கேமராவை உள்ளே விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, முக்காலியும் செல்ஃபி குச்சியும் அனுமதிக்கப்படுமா என்று கேட்டுவிடுங்கள். நுழைவாயில் சோதனையில் தடுத்து நிறுத்தப்பட்டால், கேமராவைக் கொதிக்கும் காருக்குள் விட்டுவிட்டு வர நேரிடும். அதைவிடக் கெட்ட தொடக்கம் வேறில்லை.

பை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கேமராப் பைகளோடு மழை உறை ஒன்று வரும். அதை மாட்டிப் பாருங்கள்; முன்புறத்தையும் பக்கங்களையும் மூடும், முதுகில் படும் பகுதியை மூடாது, பல பைகளில் அடியையும் முழுமையாக மூடாது. நின்றுகொண்டு மழையில் நடப்பவருக்காகச் செய்யப்பட்டது அது. பையைத் தரையில் வைப்பவருக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே நான் இப்போது பைக்குள்ளே, அடித்தட்டில், தடித்த பாலித்தீன் தாள் ஒன்றை நான்கு பக்கமும் ஓரம் மடித்து, தட்டுப் போல வைத்துவிடுகிறேன். அதற்கு மேல் கேமராவை வாய் பிதுங்காத அளவுக்குப் பெரிய ஜிப்லாக் கவர் ஒன்றில் போட்டு வைக்கிறேன். கவருக்குள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணி இரண்டு, கை துடைக்க. இது கேமராவைத் துடைக்க அல்ல என்று வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். லென்ஸ் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி தனியாக, தன்னுடைய சிறு கவருக்குள் இருக்கட்டும். தூசியை ஊதித் தள்ளும் ஒரு ரப்பர் புளோயர், ஒரு உபரி பேட்டரி, ஒரு உபரி கார்டு. இவ்வளவுதான்.

அந்தப் பைக்குள் சாப்பாட்டுக்கு இடமில்லை. “ஒரே ஒரு பொட்டலம்தானே” என்று புளிசாதத்தை ஓரமாக வைக்க யாராவது வருவார்கள். வாழையிலையில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாளைச் சுற்றியிருந்தாலும் நல்லெண்ணெய் எப்படியாவது வெளியே வந்துவிடும். அது முதலில் போய்ச் சேரும் இடம் லென்ஸ் துடைக்கும் துணிதான். அந்தத் துணியால் லென்ஸைத் துடைத்துவிட்டு, அன்று எடுத்த படங்களில் எல்லாம் ஏன் பனிமூட்டம் போல இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து நான் யோசித்தது ஒரு தனிக் கதை.

கேமராவோடு வரும் கழுத்துப்பட்டையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கழுத்தில் தொங்கும் கேமரா, குனிந்து குழந்தையின் செருப்பை மாட்டும்போது முன்னே ஊசலாடி இரும்புக் கம்பியில் மோதும். தோளில் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால் நழுவும், கூட்டத்தில் உருவிக்கொண்டு போகவும் எளிது. பூணூல் போலக் குறுக்காக அணியும் ஸ்லிங் பட்டையே இந்த வேலைக்குச் சரியானது. கேமரா இடுப்புக்கு ஓரமாக, கைக்கு அடக்கமாக இருக்கும், எடை கழுத்தில் இறங்காது. கேமராவின் அடியில் உள்ள முக்காலித் துளையில் திருகி மாட்டும் வகையாக இருந்தால் அந்தத் திருகு நடக்க நடக்கத் தளரும் என்பதை நினைவில் வைத்து, மணிக்கு ஒரு முறை விரலால் இறுக்கிப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக் கோடை விழாவின்போது அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியில் நெருக்கியடித்துக்கொண்டு நகரும் கூட்டத்திலும், ஆடித் திருவிழா சமயத்தில் சேலத்தில் போடப்படும் ராட்டினங்களைச் சுற்றி மொய்க்கும் கூட்டத்திலும், கேமராவை முதுகுப் பக்கம் விடாமல் வயிற்றுப் பக்கம் இழுத்து வைத்து, ஒரு கையை அதன் மீது வைத்துக்கொண்டே நடப்பதுதான் வழி.

பூங்காவுக்குள்

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். முடிந்தால் அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ராட்டினம், ரயில், குழந்தைகளுக்கான சிறு விளையாட்டுகள் ஆகிய உலர்ந்த பகுதிகளைக் காலையிலேயே முடித்துவிட்டால், எல்லோருடைய கையும் தலையும் உலர்ந்திருக்கும், உடை கலையாமல் இருக்கும், வெளிச்சமும் உச்சிவெயில் போல முகத்தில் கரும்பள்ளம் விழச் செய்யாது. நல்ல கேமராவுக்கு உரிய படங்கள் பெரும்பாலும் மதியத்துக்குள் கிடைத்துவிடும். அதன்பின் அதை லாக்கரில் பூட்டிவிட்டு நீங்களும் தண்ணீரில் இறங்கலாம். படம் எடுப்பவரும் பூங்காவுக்குக் கட்டணம் கொடுத்துத்தானே வந்திருக்கிறார்!

தண்ணீர்ப் பகுதியைக் கரையிலிருந்து எடுக்க விரும்பினால், எங்கே நிற்பது என்பதைத் தரையே சொல்லும். மேலிருந்து படகு சறுக்கி வந்து குளத்தில் விழும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படகு விழும்போது எழும் நீர்ச்சுவர், வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கும் பாலத்தின் மீதும் கொட்டும். அப்படிக் கொட்டுவதுதான் அதன் வேடிக்கையே. வந்தவுடன் கேமராவை எடுக்காமல் இரண்டு படகுகள் இறங்கும் வரை சும்மா நின்று தரையைப் பாருங்கள். சிமென்ட் தரையில் ஈரம் படிந்து கருத்த பகுதி முடிந்து, வெளிறிய உலர்ந்த பகுதி தொடங்கும் கோடு ஒன்று தெளிவாகத் தெரியும். காலையிலிருந்து எத்தனையோ படகுகள் சேர்ந்து போட்ட கோடு அது. அதிலிருந்து நான்கைந்து அடி பின்னால், காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசும் திசையில் நின்றுகொண்டால், 135 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து முகங்களை நெருக்கமாகவே எடுக்கலாம். ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/1000 நொடியாக இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். முகம் தெரியாத பிறர், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும், குளிக்கும் பக்கம் பெரிய லென்ஸைத் திருப்பாதிருப்பதும், உடைமாற்றும் அறைகளின் அருகே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதும் நாம் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதை.

சவாரிகளில் கேமராவைக் கொண்டு ஏறுவது பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஏறக் கூடாது. தளர்வான பொருட்களைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்வது ஊழியரின் பிடிவாதம் அல்ல. 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஒன்றே கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள கேமரா அந்த வேகத்தில் கீழே வரிசையில் நிற்பவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கழுத்தில் பட்டை மாட்டியிருந்தால் அது இருக்கைக் கம்பியில் சிக்கி உங்கள் கழுத்தையே இறுக்கும். மெதுவாகச் சுற்றும் பெரிய ராட்டினத்தில் அனுமதித்தால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அப்போதும் கேமரா கூண்டுக்கு வெளியே நீளக் கூடாது.

ஏறாதவர் ஒருவர் கேமராவை வைத்திருக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் நான் இப்போது மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். கொடுக்கும்போது பவரை அணைத்து, லென்ஸ் மூடியைப் போட்டு, பட்டையை வாங்குபவரின் தலை வழியாக நானே மாட்டிவிட்ட பின்புதான் கையை எடுப்பேன். வெறுமனே நீட்டி, அவர் பிடித்துக்கொண்டார் என்று நாம் நினைத்து விட, நாம் இன்னும் விடவில்லை என்று அவர் நினைக்க, நடுவில் கேமரா தரையில் விழும். வாங்குபவர் கை ஈரமாக இருந்தால் முதலில் வேட்டித் துணி. “எங்கேயும் கீழே வைக்காதீங்க, மடியிலேயே இருக்கட்டும்” என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் மாமியார் இந்தப் பொறுப்பில் மிகச் சிறந்தவர். மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போர்த்தி, பேரன் கேட்டாலும் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டாவது லென்ஸும் அன்றைக்கு அவரிடம் இருந்திருந்தால் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும்.

லாக்கரைக் காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதுவும் மேல் வரிசையில் கேட்டு வாங்குங்கள். லாக்கர் அறைகள் உடைமாற்றும் இடத்தை ஒட்டியே இருப்பதால் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கீழ் வரிசைக் கதவின் காற்றுத்துளை வழியாகத் தரையைக் கழுவும் தண்ணீர் உள்ளே வர வாய்ப்புண்டு. மேல் லாக்கரில் யாராவது நனைந்த துண்டைப் பிழியாமல் போட்டிருந்தால் அதுவும் சொட்டும். உள்ளே வைக்கும்போது கேமரா ஜிப்லாக் கவருக்குள்ளும், நனைந்த துணிகள் வேறு லாக்கரிலோ வேறு பையிலோ இருக்க வேண்டும். சாவியை மணிக்கட்டுப் பட்டையோடு கொடுத்தால் பெரியவர் ஒருவர் கையில் மட்டும் அது இருக்கட்டும்.

எண்ணெயும் சர்க்கரையும் தண்ணீரைப் போலவே கெடுதல் செய்யும். வெயிலுக்காகப் பூசும் சன்ஸ்கிரீன் களிம்புகளில் உள்ள சில வேதிப்பொருட்கள் ரப்பர் பிடியையும் பிளாஸ்டிக்கையும் நாளடைவில் பிசுபிசுக்கச் செய்யும். ஆகையால் களிம்பு பூசிய கையைக் கழுவித் துடைத்த பிறகே கேமராவைத் தொட வேண்டும். தட்டுவடை செட் தின்ற கையால் தொட்ட ஷட்டர் பொத்தானைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வெயில், குளிர், மலை

பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில், 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயக்கலாம் என்று போட்டிருக்கும். சேலத்தில் மே மாதப் பகல் அந்த மேல் எல்லையைத் தொட்டுப் பார்க்கும் வெயில். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் உப்பிப் போகலாம், லென்ஸுக்குள் உள்ள மசகு இளகி, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் துளையின் (அபெர்ச்சர்) இதழ்களில் படியலாம். காரில் விட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், சாப்பாட்டுக்குப் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் காலியாகக் கொண்டுபோய், அதற்குள் கேமராவை வைத்து, இருக்கைக்குக் கீழே நிழலில் தள்ளிவிடலாம். அதில் ஐஸ் போட்டுவிடக் கூடாது. கூடவே, வெயிலைப் பார்க்கும்படி மூடி இல்லாத லென்ஸை வைக்கவும் கூடாது. காகிதத்தை எரிக்கும் பூதக்கண்ணாடியின் வேலையை அது உள்ளே இருக்கும் சென்சார் மீது செய்யும்.

சில பூங்காக்களில் பனி அறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரூட்டிய அந்த அறைக்குள் அரை மணி இருந்துவிட்டு வெயிலுக்கு வந்தால், குளிர்ந்துபோன லென்ஸின் மீது வெளிக்காற்றின் ஈரம் உடனே பனித்துளியாகப் படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் புட்டியில் படிவது போலத்தான். வெளியே படிவதைத் துடைத்துவிடலாம். உள்ளே படிவதைத் துடைக்க முடியாது. ஆகவே வெளியே வருவதற்கு முன், அந்தக் குளிரறைக்குள்ளேயே, கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். வெளியே வந்த பின் அரை மணி நேரம் திறக்காதீர்கள். பனி முழுவதும் கவரின் மேல் படியும், கேமரா உள்ளே மெல்ல மெல்லச் சூடேறும்.

பூங்காவை முடித்துக்கொண்டு அப்படியே ஏற்காட்டுக்கு ஏறுபவர்களுக்கும் இதே விதிதான், ஆனால் திசை மாறும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். மேலே ஏறும்போது சூடான கேமரா குளிர்ந்த காற்றுக்குள் போவதால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. மறுநாள் மாலை இறங்கும்போதுதான் தொந்தரவு. மலைக்குளிரில், அதோடு ஏ.சி. ஓடும் காரிலும் குளிர்ந்து கிடந்த லென்ஸ், அடிவாரத்துக்கு வந்து கதவைத் திறந்தவுடன் சேலத்தின் வெக்கையில் வியர்த்துவிடும். அடிவாரத்தை நெருங்கும்போதே ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கேமராவை மூடிய கவருக்குள் வைத்து வீடு வரை கொண்டுவந்தால் போதும். கவரைப் பற்றி இன்னொன்று. ஏற்காட்டுக் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் பலூன் போல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். கீழே இறுக்கி மூடிய ஜிப்லாக்கும் அப்படியே உப்பி, சில சமயம் வாய் பிளந்துவிடும். கிளம்பும்போது காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு மூடினால் இந்தத் தொல்லை இல்லை.

உப்பிய, சலசலக்கும் பிளாஸ்டிக் கவர் ஏற்காட்டில் வேறொரு ஆபத்தையும் அழைக்கும். மலைப்பாதை வளைவுகளிலும் காட்சிமுனைகளிலும் திரியும் குரங்குகளுக்கு அந்தச் சத்தம் தின்பண்டத்தின் சத்தம். கவரை வெளியே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு பகோடா பாயிண்டில் நிற்காதீர்கள், துணிப்பைக்குள் போட்டுவிடுங்கள். பட்டை உடம்பில் மாட்டியிருக்கும் வரை குரங்கால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் பாறையின் மேல் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு தானியங்கி டைமரில் படம் எடுப்பவர்கள் அங்கே அதிகம். அது அவ்வளவு நல்ல யோசனை அல்ல. ஏரியில் படகேறும்போது உயிர்காப்பு உடையை முதலில் அணிந்து, அதற்கு மேலே பட்டையை மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் அவசரத்தில் உடையையும் கழற்ற முடியாது, கேமராவையும் எடுக்க முடியாது.

நனைந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் நனையும். அப்போது முதலில் வரும் ஆசை, வேலை செய்கிறதா என்று பவரைப் போட்டுப் பார்ப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரைவிட, தண்ணீரோடு சேர்ந்த மின்சாரமே உள்ளே இருக்கும் பலகையை அரிக்கிறது. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு கார்டை. வெளியே உள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் இடுக்குகளுக்குள் போகும். லென்ஸைக் கழற்ற முடிந்தால் உலர்ந்த இடத்தில் கழற்றி, இரண்டின் திறந்த வாயும் கீழ்நோக்கி இருக்கும்படி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். கூந்தல் உலர்த்தும் கருவி வேண்டாம். அதன் சூடு பசையை இளக்கும், அதன் காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசி அவ்வளவு ஈரத்தை இழுக்காது, அதன் மாவுத்தூள்தான் உள்ளே போகும். எங்கள் ஊரில் அரிசிக்குப் பதிலாக ஜவ்வரிசியை இதுவரை யாரும் பரிந்துரைக்கவில்லை என்பது ஒரு ஆறுதல். சில துளிகள் மட்டும் பட்டிருந்தால் இரண்டு நாள் உலர்ந்த பின் போட்டுப் பார்க்கலாம். குளோரின் தண்ணீரில் முழுகியிருந்தால், உலர்ந்து வேலை செய்தாலும் அரிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும் என்பதால், மறுநாளே சேவை மையத்துக்குக் கொண்டுபோய், எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

நனையாமல் வீடு திரும்பினாலும் அன்றிரவே 10 நிமிட வேலை இருக்கிறது. நான் இருப்பது சேலத்தில் கோரிமேட்டுப் பக்கம். சுற்றுவட்டாரத்து வெள்ளைக்கல் சுரங்கங்களின் மண்ணும் சாலைத் தூசியும் சேர்ந்து மென்மையான வெண்பொடியாக எதன் மீதும் படியும். அதைத் துணியால் நேராகத் துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல லென்ஸில் கீறல் விழும். ஆகவே புளோயரால் ஊதிய பிறகு தூரிகை, அதற்குப் பிறகே துணி. கேமரா உடலின் மீது குளோரின் துளி காய்ந்த வெண்புள்ளிகள் இருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் மறுமுறை. வியர்வை ஊறிய பட்டையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள். பையின் எல்லா ஜிப்பையும் திறந்து, தடுப்புகளை உருவி, இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்து வையுங்கள். ஈரப்பையில் வைத்து மூடிய லென்ஸில் பூஞ்சை வலை படர்வதற்குச் சில வாரங்களே போதும். நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று பொருள். மின் ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் நீலமாகும். தோசைக்கல்லில் போட வேண்டாம், அந்த நிறமி வயிற்றுக்கு ஆகாதது. ஆறியதும் கேமராவோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள், பேட்டரியை மட்டும் வெளியே வைத்து.